ஜன்னல் கம்பி நேராகத் தெரிகிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை நோய் கண்ணை என்ன செய்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. முதலில் ஒரு சின்ன வேலை. வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம். மற்றவர்கள் வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடே பாருங்கள். கம்பி நேராக நிற்கிறதா? நடுவில் எங்காவது நெளிகிறதா? கருக்கலாக ஒரு திட்டு மறைக்கிறதா? சரி, இப்போது அடுத்த கண்.

இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும்போது ஒன்றின் குறையை மற்றது மூடி மறைத்துவிடும். அதற்காகத்தான் இது. பூக் கட்டி விற்கும் அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். "டாக்டர், இடது கண்ணுக்குள்ள கறுப்பு நூல் ஓடுது" என்றார். நாள் முழுக்க நூலோடு இருப்பவர் இல்லையா, கையில் இருக்கிற நூல்தான் முகத்தில் ஒட்டிக்கொண்டது என்று முதல் இரண்டு நாள் ஊதி ஊதிப் பார்த்திருக்கிறார். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. வலது கண் எப்படி என்று கேட்டேன். "அது நல்லாத்தான் இருக்கு." இடது கண்ணை என் கையால் மூடினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "லைட்டைப் போடுங்க டாக்டர்" என்றார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பதினான்கு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை ஒரு நாள் விட்டதில்லை. கண்ணை மட்டும் ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. காட்ட அவருக்குக் காரணமும் இல்லை, பாருங்கள். கண்ணுக்குள் பின்சுவரில் மெல்லிய தாள் மாதிரி ஒட்டியிருப்பது விழித்திரை. அதற்கு வலி தெரியாது. கண் சிவக்காது, நீர் வடியாது, உறுத்தாது.

சர்க்கரை அங்கே என்ன செய்கிறது? காவிரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விழித்திரையின் பொடி ரத்தக்குழாய்கள்தான் வாய்க்கால். வருடக்கணக்கில் சர்க்கரை ஏறி இருந்தால் வாய்க்காலின் கரை அரித்து, நீர் கசியும். நடுப்பகுதியில் கசிந்தால் வீங்கி, எழுத்து கலங்கும், கம்பி நெளியும். சில வாய்க்கால் தூர்ந்தே போகும். அப்போது கடைமடைக்குத் தண்ணீர் வராது. வறண்ட கடைமடை சும்மா இருக்காது, கூச்சல் போடும். ஒரு ரசாயனத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கும். அவசரத்தில் வெட்டிய வாய்க்கால், கரை நிற்காது, உடையும். பூக்கார அம்மா பார்த்த கறுப்பு நூல் அதுதான்.

சிகிச்சைக்கு வருமுன் ஒரு கதை. இதைச் சொல்லாமல் என்னால் விழித்திரையைப் பற்றிப் பேச முடியாது, என் மாணவர்களைக் கேட்டால் தெரியும். 1945 ஜூலையில் ஐரோப்பாவில் சூரிய கிரகணம். வெறும் கண்ணால் பார்த்தவர்கள் சிலருக்கு விழித்திரையின் நடுவில் சூடு போட்ட தழும்பு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மேயர்-ஷ்விக்கராத் என்ற இளம் கண் மருத்துவர் அந்தத் தழும்பைப் பார்த்தார். ஐயோ பாவம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அவருக்கு வேறொன்று தோன்றியது. கத்தி வைக்காமல், கண்ணை அறுத்துத் திறக்காமல், வெறும் வெளிச்சம் உள்ளே போய்த் தழும்பு உண்டாக்குகிறது. தழும்பு என்றால் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் விழித்திரையில் ஓட்டை விழுந்தவருக்கு அந்த ஓட்டையைச் சுற்றி இதே சூட்டை வைத்தால் என்ன?

வைத்தார். கூரையில் கண்ணாடிகளைப் பொருத்தி, சூரிய ஒளியைக் கீழே வரவழைத்து நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். ஆனால் ஹாம்பர்க்கில் மேகம் வந்தால் சிகிச்சை நின்றுவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கொஞ்சம் அனுப்பி வைத்திருக்கலாம்! பிறகு 1950களில் ஜெய்ஸ் என்ற லென்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, செனான் வாயு நிரப்பிய பிரகாசமான விளக்கால் சூடு வைக்கும் கருவி செய்தார். 1960இல் லேசர் பிறந்ததும் கண் மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் வளையச் சூரியன் தெரிந்தபோது, வெறும் கண்ணால் பார்க்காதீர்கள் என்று நாங்கள் எல்லோரும் கத்தினோமே, அதே சூடுதான் அது. அளந்து வைத்தால் வைத்தியம்.

சர்க்கரை நோயாளிக்கு அந்தச் சூட்டைக் கடைமடையில் வைக்கிறோம். கூச்சல் போடும் ஓரப் பகுதியைச் சுட்டு அடக்கிவிட்டால் புதுக் குழாய்கள் சுருங்கிவிடும். 1970களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு, கடுமையான பார்வையிழப்பை இது பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று காட்டியது. இதில் ஒரு நஷ்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். இருட்டில் பார்ப்பதும் பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். "லேசர் வெச்சும் பார்வை கூடலையே டாக்டர்" என்று கேட்காத நோயாளி இல்லை. கூட்டுவதற்கு வைப்பதில்லை ஐயா, இருப்பது போகாமல் இருக்க வைப்பது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், நன்றாகத் தெரியும்போதே வாருங்கள்.

நடுப்பகுதி வீக்கத்துக்கு ஊசி. கறுவிழியில் குத்துவார்களோ என்று பயப்படுகிறார்கள். மரக்க மருந்து விட்டு, வெள்ளைவிழி வழியாக, சில நொடி வேலை. மருந்தின் அளவு ஒரு சொட்டு. அதில் ஒன்றான அவாஸ்டின் முதலில் பெருங்குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து. இதில் பலருக்குப் பார்வை கூடவும் செய்கிறது. ஆனால் ஒரு ஊசியில் முடியாது. முதலில் மாதா மாதம், பிறகு இடைவெளி விட்டு. ஒன்று போட்டுக்கொண்டு தெளிவாகத் தெரிந்ததும் காணாமல் போகிறவர்கள்தான் எனக்குக் கவலை.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சரி, வேகமாக. கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை, அதாவது கறுவிழியின் நடுவில் இருக்கும் கரிய வட்டத்தை, விரித்துத்தான் பார்க்க வேண்டும். சில மணி நேரம் கண் கூசும், துணைக்கு ஒருவரோடு வாருங்கள். நடுவயதுக்கு மேல் வந்த சர்க்கரை என்றால், தெரிந்த அன்றே ஒரு தடவை, பிறகு வருடம் ஒரு தடவை. திடீரென்று மின்னல் வெட்டினாலோ, பூச்சிக் கூட்டம் பறந்தாலோ, திரை இறங்கினாலோ அன்றைக்கே வாருங்கள்.

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்து வந்தேன். நேரமில்லை. இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ எட்டு மாதம் நிரம்புமுன்னோ குழந்தை பிறந்த வீடு என்றால், பிறந்து 30 நாளுக்குள் அதன் விழித்திரையைக் காட்டிவிடுங்கள், தீட்டு கழியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வணக்கம்.