விரிசல் விட்ட வில்லை

நேயர்களுக்கு வணக்கம். செராமிக் ஆராய்ச்சி என்றதும் தேநீர்க் கோப்பைதான் பலருக்கு நினைவுக்கு வரும். கோப்பையும் அதில் சேர்த்திதான். ஆனால் கூடங்குளம் அணு உலைக்குள் எரிபொருளாக இருக்கிற யுரேனியம் டையாக்சைடு வில்லைகளும் தூளை அழுத்திச் சுட்டெடுத்த செராமிக்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் காருகுறிச்சியில் வனைகிற பானைக்கு அவை ஒன்றுவிட்ட தம்பி முறை.

நம் நெல்லைச் சீமைப் பானைகள் கடல் தாண்டி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பானைகள் போய்விட்டன, செராமிக் ஆராய்ச்சி செய்கிற நம் பிள்ளைகள்தான் வெளிநாட்டுச் சக ஆய்வாளருக்கு ஒரு கடிதம் போடவும் கூச்சப்படுகிறார்கள்.

மூடி மறைப்பது இந்தத் தொழிலின் பழைய நோய். வெண்பீங்கானின் சூட்சுமம் வெளியே போய்விடக் கூடாதென்று ஜெர்மனியின் சாக்சனி அரசன், அந்த வித்தை அறிந்த போட்கரைக் காவலிலேயே வைத்திருந்தான். 1710-இல் மைசன் பீங்கான் ஆலை பிறந்தது அப்படித்தான். அதற்கு இரண்டே ஆண்டு கழித்து, சீனத்துப் பீங்கான் நகரான சிங்டெசென்னை அறிந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், அங்கே மண்ணைப் பிசைவது முதல் சுடுவது வரை கண்டதையெல்லாம் கடிதமாக எழுதி ஊருக்கு அனுப்பினார். அதை வேவு என்பாரும் உண்டு. எனக்கென்னவோ அந்தக் கடிதத்தின் மேல்தான் பிரியம்.

இன்றைக்குக் கதவு திறந்தே இருக்கிறது. ஐரோப்பிய செராமிக் சங்கத்தில் இளம் ஆய்வாளர்களுக்கென்றே ஓர் அமைப்பு உண்டு. அமெரிக்க செராமிக் சங்கம் மாணவர்களைக் கொண்டே ஓர் ஆலோசனைக் குழு வைத்திருக்கிறது. நாம் பொங்கல் பானையை இறக்கி வைத்த கையோடு, ஜனவரியில் புளோரிடாவின் டேட்டோனா பீச்சில் பெரிய மாநாடு கூடுகிறது. போகிறவர்கள் போகட்டும். விமானக் கட்டணத்தைக் கேட்டாலே மயக்கம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு.

என் மாணவி ஒருத்தி சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் ஆக்சைடு, வில்லை செய்தாள். தூய சிர்கோனியா, சுட்டு ஆறும்போது படிக அமைப்பு மாறி, பருத்து வெடிக்கும். அதைத் தடுக்க இட்ரியா என்ற இன்னோர் ஆக்சைடைச் சேர்ப்பார்கள். அவளும் சேர்த்தாள். அப்படியும் விரிசல். மாநாட்டில் பார்த்துப் புன்னகைத்ததோடு சரி என்றிருந்த ஒரு போலந்து மாணவிக்கு, உடைந்த வில்லையின் படத்தை அனுப்பச் சொன்னேன். "தோற்றதையா அனுப்புவது, சார்?" என்று முகம் சுண்டிப்போனாள். நல்ல முடிவுகளைத்தான் ஆய்விதழில் எல்லோரும் படித்துவிடுகிறார்களே, அதற்கு எதற்குச் சிநேகிதம் என்றேன்.

மறுநாளே பதில் வந்தது. "வில்லையைப் பிடித்து நிறுத்தச் சேர்த்த பசை எரிந்து வெளியேறுவதற்குள் சூட்டை ஏற்றிவிட்டீர்கள். முதல் சில நூறு டிகிரியை மெல்லக் கடந்து பாருங்கள்." வில்லை உடையாமல் வந்தது. ஈரம் போகுமுன் தீயைக் கூட்டினால் பானை வெடிக்கும் என்று எங்கள் ஊர் வேளார் எவரும் சொல்லியிருப்பார். அவரிடம் கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை, பாருங்கள்.

அடுத்த கடிதத்தில் அந்தப் பெண் கேட்டாள்: வெப்பமானி இல்லாமல் உங்கள் ஊர்க் குயவர்கள் சூளையின் பதத்தை எப்படி அறிகிறார்கள்? என் மாணவிக்குத் தெரியவில்லை, எனக்கும்தான். இருவருமாகக் காருகுறிச்சிக்குப் பஸ் ஏறினோம். பெரியவர் சக்கரத்திலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "வெள்ளிக்கிழமை சூளை மூட்டுகிறோம் தாயி, விடியுமுன் வந்துவிடு."