சிஎக்ஸ்சிஎல்12: வெள்ளை அணுக்களுக்கு வழி சொல்ற புரதம்

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு எனக்குக் குடுத்திருக்கிற நேரத்துல ஒரே ஒரு புரதத்தைப் பத்தி தான் பேசப்போறேன், அதோட பேரு சிஎக்ஸ்சிஎல்12. பேரு வாயில நுழையலன்னா பரவாயில்ல, அது என்ன வேலை செய்யுதுன்னு மனசுல நின்னா போதும்.

நோய் எதிர்ப்பு சக்தின்னு சொன்னாலே ஏத்தணும், கூட்டணும்னு தான் எல்லாரும் பேசுறாங்க. எண்ணிக்கை ஜாஸ்தியா இருந்தா எல்லாம் சரியாயிடும்ங்கிற நெனப்பு. எனக்கு அதுல உடன்பாடு இல்லங்க. ஒரு வெள்ளை அணு எவ்ளோ நல்லா இருந்தாலும், தேவைப்படுற இடத்துக்கு தேவைப்படுற நேரத்துல போய்ச் சேரலன்னா அது இருந்தும் பிரயோஜனம் இல்ல. அந்த வழியை சொல்ற சின்னச் சின்ன புரதங்களுக்கு கீமோகைன்னு பேரு. மனுஷ உடம்புல 40க்கும் மேல இருக்கு, அதுல ஒண்ணு தான் நம்ம சிஎக்ஸ்சிஎல்12.

முதல்ல ஒரு வெள்ளை அணு எப்படி நகருதுன்னு கொஞ்சம் கிட்டப் போய் பார்ப்போம். தோல்ல காயம் பட்டு கிருமி உள்ள போயிடுச்சுன்னு வைங்க, அங்க இருக்கிற செல்கள் இன்டர்லூகின்-8ங்கிற கீமோகைனை வெளிய விடுது, அது பக்கத்துல இருக்கிற ரத்தக்குழாயோட உள்சுவர்ல இருக்கிற சர்க்கரைச் சங்கிலிகள்ல ஒட்டிக்கிட்டு நிக்குது. ரத்தத்தோட வேகமா போய்க்கிட்டிருந்த நியூட்ரோஃபில், அதாவது கிருமியை எதிர்க்கிற ஒரு வகை வெள்ளை அணு, அந்தச் சுவர்ல லேசா பட்டு உருள ஆரம்பிக்குது, உருளும்போது அதோட மேல்பரப்புல சிக்னலை வாங்குற ரிசெப்டர்ங்கிற புரதத்துல இந்தக் கீமோகைன் வந்து உக்காருது, உக்காந்த கொஞ்ச நேரத்துக்குள்ளயே செல்லோட மேல்பரப்புல மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் புரதங்கள் நிமிர்ந்து சுவரைக் கெட்டியா புடிச்சுக்குது. செல் நின்னுடுது. அப்புறம் தட்டையாகி, சுவர் செல்களுக்கு நடுவுல இருக்கிற இடுக்குல நுழைஞ்சு வெளிய வந்து, வாசனை புடிச்சுப் போற மாதிரி கீமோகைன் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கமா போகுது. அந்த செல்லோட அகலமே ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல தான், அதுக்குள்ள முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல கீமோகைன் அளவுல 1, 2 சதவீதம் வித்தியாசம் இருந்தாலே அதுக்குத் தெரிஞ்சிடுது. எத்தனை தடவை மைக்ராஸ்கோப்ல பார்த்தாலும் எனக்கு இது பிரமிப்பா தான் இருக்கு.

இன்டர்லூகின்-8 "வா"ன்னு கூப்பிடுதுன்னா, சிஎக்ஸ்சிஎல்12 பெரும்பாலும் "இங்கயே இரு"ன்னு சொல்ற புரதம். எலும்பு மஜ்ஜையில இருக்கிற சில செல்கள் இதை எந்நேரமும் சுரந்துக்கிட்டே இருக்கு. வெள்ளை அணுக்களோட மேல சிஎக்ஸ்சிஆர்4ன்னு ஒரு ரிசெப்டர் இருக்கு, அது இந்தப் புரதத்தை உணர்ற வரைக்கும் செல் மஜ்ஜையை விட்டுப் போறதில்ல. நியூட்ரோஃபில் முதிர்ச்சி ஆக ஆக இந்த ரிசெப்டர் குறையுது, புடி தளருது, செல் ரத்தத்துக்கு வருது. ஒரு நாளைக்கு சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில் மஜ்ஜையில உருவாகுது, அத்தனையையும் எப்போ வெளிய அனுப்பணும்ங்கிறதுல இந்த ஒரு புரதத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. வயசான நியூட்ரோஃபில்கள்ல அதே ரிசெப்டர் மறுபடியும் கூடி, அதுல ஒரு பகுதி மஜ்ஜைக்கே திரும்பி வந்து அங்க அழியுது.

இது எவ்ளோ அடிப்படையான புரதம்னு 1996ல ஜப்பான்ல நாகசாவா குழு காட்டினாங்க. இந்த ஜீன் இல்லாத எலிக்குட்டிகளை உருவாக்கிப் பார்த்தாங்க. ஒண்ணும் பிழைக்கல. மஜ்ஜையில ரத்த செல்கள் ஒழுங்கா குடியேறவே இல்ல, இதயத்துல கீழ்அறைகளுக்கு நடுச்சுவர் கூட சரியா மூடல. இன்னொண்ணு சொல்றேன், மனுஷனோட சிஎக்ஸ்சிஎல்12ல முக்கிய வடிவத்துல சுமார் 68 அமினோ அமிலம் இருக்கு, எலியோடதுக்கும் நம்மளோடதுக்கும் அதுல ஒரே ஒரு அமினோ அமிலம் தான் வித்தியாசம். இத்தனை கோடி வருஷத்துல மாறாம இருக்குன்னா அதுல கை வச்சா உயிரே நிக்காதுன்னு தான அர்த்தம்?

அதே 1996ல இன்னொரு பக்கம், அமெரிக்காவுல எட்வர்ட் பெர்கர் குழு எச்.ஐ.வி வைரஸ் செல்லுக்குள்ள நுழையறதுக்கு என்ன தேவைப்படுதுன்னு தேடிக்கிட்டிருந்தாங்க. கிடைச்சது இந்த சிஎக்ஸ்சிஆர்4 ரிசெப்டர் தான். இங்க தான் கதை திரும்புது. அதுக்கு முன்னாடியே பெல்ஜியத்துல லூவன் நகரத்துல எச்.ஐ.வியைத் தடுக்கிற ஒரு ரசாயனம் கிடைச்சிருந்துச்சு, அது எதுல வேலை செய்யுதுன்னு தான் தெரியாம இருந்துச்சு, பார்த்தா இதே ரிசெப்டரைத் தான் அடைக்குது. மனுஷங்களுக்குக் குடுத்துப் பார்த்தப்போ வெள்ளை அணுக்கள் திடீர்னு ரத்தத்துல ஏறுச்சு. புதுசா எதுவும் உற்பத்தி ஆகல, மஜ்ஜையில புடிச்சு வச்சிருந்ததை விட்டுடுச்சு, அவ்ளோ தான். எச்.ஐ.வி மருந்தா அது தேறல. ஆனா ஸ்டெம் செல்லை, அதாவது ரத்த செல்களை உருவாக்குற மூல செல்லை, ரத்தத்துக்குக் கொண்டு வர்ற மருந்தா 2008ல அனுமதி கிடைச்சுது, பேரு பிளெரிக்ஸாஃபோர். லிம்ஃபோமா, மல்டிபிள் மயலோமாங்கிற ரத்தம் சார்ந்த புற்றுநோய் உள்ளவங்களுக்கு அவங்க சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து வச்சு திருப்பிக் குடுக்கிற சிகிச்சையில, மத்த ஊசியில போதுமான செல் வரலன்னா இதைப் போடுவாங்க.

இப்போ இந்தப் புடி தளரவே இல்லன்னா என்ன ஆகும்னு பாருங்க. விம் சிண்ட்ரோம்னு ரொம்ப அபூர்வமான ஒரு பிறவி நோய் இருக்கு. சிஎக்ஸ்சிஆர்4 ஜீன்ல ஒரு மியூட்டேஷன், அதாவது ஒரு பிழை, பெரும்பாலும் ரிசெப்டரோட வால் பகுதி வெட்டுப்பட்டுப் போயிருக்கும். சாதாரணமா சிக்னல் வந்த பிறகு ரிசெப்டர் செல்லுக்குள்ள இழுக்கப்பட்டு அமைதியாயிடும், இதுல அது நடக்காது, சிக்னல் ஓடிக்கிட்டே இருக்கும். விளைவு, மஜ்ஜை முழுக்க நியூட்ரோஃபில் நெரிஞ்சு கிடக்கு, ரத்தத்துல ரொம்பக் கம்மி. மஜ்ஜையை எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்த்தா நியூட்ரோஃபிலோட உட்கரு பல துண்டாகி, மெல்லிசான இழைகளால மட்டும் ஒண்ணோட ஒண்ணு தொங்கிக்கிட்டிருக்கும், வெளிய போக வேண்டிய செல் உள்ளயே வயசாகி சாகுது. அந்தக் குழந்தைங்களுக்கு திரும்பத் திரும்ப நிமோனியா, காதுல சீழ், கை கால்ல கொத்துக் கொத்தா மருக்கள். செல் உற்பத்தியில குறையே இல்ல, வந்து சேர வழி இல்ல, நான் ஆரம்பத்துல இருந்து சொல்றது இதைத் தான்.

இந்த நோயில மருத்துவ உலகத்தையே அசர வச்ச ஒருத்தங்க இருக்காங்க. 1964ல முதல் முதலா வெளியான நோயாளி விவரங்கள்ல ஒரு சின்னப் பொண்ணு இருந்தாங்க. அவங்க வளர்ந்து, தன்னோட மகள்களுக்கும் இதே நோய் இருக்குன்னு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்கு வந்தாங்க. ஆனா அம்மாவுக்கு நோயே இல்ல! மரு இல்ல, அடிக்கடி வர்ற தொற்று இல்ல, பல வருஷமா அப்படித் தான் இருக்கேன்னு சொன்னாங்க. பரிசோதிச்சுப் பார்த்தா, ஏதோ ஒரு காலத்துல அவங்க மஜ்ஜையில ஒரே ஒரு ஸ்டெம் செல்லுக்குள்ள ஜீன்கள் வரிசையா இருக்கிற குரோமோசோம்கள்ல 2ஆம் குரோமோசோம் ஒண்ணு துண்டு துண்டா உடைஞ்சு தப்பும் தவறுமா மறுபடி ஒட்டியிருக்கு, அந்தக் குளறுபடியில 164 ஜீன் காணாம போயிருக்கு, அதுல கெட்டுப்போன சிஎக்ஸ்சிஆர்4 ஜீனும் ஒண்ணு. அந்த செல்லோட வாரிசுங்க தான் பெருகி மஜ்ஜையை நிரப்பியிருக்கு. நியூட்ரோஃபில்ல நோய் ஜீன் இல்ல, தோல் செல்கள்ல இன்னும் இருக்கு. 2015ல இதை வெளியிட்டாங்க. இந்த மாதிரி குரோமோசோம் நொறுங்கறதை புற்றுநோயோட சேர்த்துத் தான் பொதுவா பார்த்திருக்கோம், இவங்களுக்கு அதுவே மருந்தாச்சு, மஜ்ஜையை மாத்தாமலே.

எல்லாருக்கும் அப்படி நடக்காதே. அதனால ரிசெப்டரை மருந்தால அடக்குற வழியை ஆராய்ச்சியாளர்கள் விடாம புடிச்சாங்க, 2024 ஏப்ரல்ல மாவோரிக்ஸாஃபோர்ங்கிற வாய்வழி மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது, 12 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிற விம் நோயாளிகளுக்கு. எச்.ஐ.விக்காகத் தேடினது இவங்களுக்கு வந்து சேர்ந்திருக்கு.

கேக்கிறவங்க மத்தியில டாக்டருங்களும் இருப்பீங்க, அதனால ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். ஒரு குழந்தைக்கு நியூட்ரோஃபில் எப்பவும் கம்மியாவே இருக்கு, தொற்று அடிக்கடி வருது, மருக்கள் போக மாட்டேங்குதுன்னா சிஎக்ஸ்சிஆர்4 ஜீன் பரிசோதனை எழுதிக் குடுங்க. காய்ச்சல் நேரத்துல எடுத்த ரத்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீங்க, ஏன்னா கடுமையான தொற்று வரும்போது மஜ்ஜையில இருந்து கொஞ்சம் செல் வெளிய வந்து எண்ணிக்கை நார்மல்னு காட்டிடும், குழந்தை நல்லா இருக்கிற நாள்ல மறுபடி ஒரு தடவை எடுத்துப் பாருங்க. வணக்கம்.