குறட்டையில் சத்தத்தை விட்டுவிடுங்கள், இடைவெளியைக் கவனியுங்கள்

[திரையில்: மல்லாந்து படுத்திருப்பவரின் மூக்கு, அண்ணம், நாக்கு, தொண்டை – பக்கவாட்டுத் தோற்றம்]

குறட்டை விடுகிறவருக்குத் தன் குறட்டை கேட்பதில்லை. அதனால் இந்த வீடியோவில் பாதி அவருக்கு, மீதி பக்கத்தில் தூக்கம் கெட்டுக் கிடப்பவருக்கு. பக்கத்தில் இருப்பவர் இன்றிரவு ஒன்றைப் பாருங்கள். குறட்டை நடுவில் சட்டென்று நிற்கிறதா? நின்றால் எத்தனை விநாடி? முடிந்தால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். மருத்துவரிடம் அது நன்றாக உதவும்.

மூக்குக்கு எலும்புச் சட்டம் இருக்கிறது. மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. நடுவில் உள்ள தொண்டையைப் பெரும்பாலும் தசைகள்தான் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் தசை தளர்கிறது, வழி குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று வேகமெடுக்கும்போது மென்மையான பின் அண்ணமும் உள்நாக்கும் படபடவென அதிர்கின்றன. அதுதான் குறட்டை.

கழுத்தில் கொழுப்பு சேர்ந்தால் வழி இன்னும் குறுகும். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும். மது குடித்தால் தசை மேலும் தளரும். டான்சில் வீக்கம், அலர்ஜி மூக்கடைப்பு, மூக்குத்தண்டு வளைவு, தைராய்டு குறைவு எல்லாம் காரணங்களே. ஒல்லியாக இருப்பவர்களும் தப்பிவிட முடியாது. கீழ்த்தாடை சிறிதாக, உள்வாங்கி இருந்தாலே போதும்.

[திரையில்: தொண்டை முழுதாக மூடிக்கொள்கிறது, ஆக்சிஜன் அளவு இறங்குகிறது]

வழி முழுதும் மூடிக்கொண்டால் அது ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சுத்தடை. நெஞ்சும் வயிறும் மூச்சுக்காகப் போராடும், காற்று மட்டும் போகாது. ஆக்சிஜன் இறங்கும். மூளை ஒரு நொடி விழித்துத் தசையை இழுத்துப் பிடிக்கும். பெரிய திணறலோடு குறட்டை மறுபடி ஆரம்பிக்கும். காலையில் இது எதுவும் நினைவிருக்காது. வாய் வறண்டிருக்கும், தலை வலிக்கும், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். வண்டி ஓட்டுகிறவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. பல மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்காதவர்களிடமும் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

பெரியவர்களுக்குக் கணக்கு இப்படி: மூச்சு 10 விநாடியாவது நின்றால், அல்லது அந்த அளவு நேரம் கணிசமாகக் குறைந்து ஆக்சிஜனோ தூக்கமோ பாதிக்கப்பட்டால், ஒரு தடை. ஒரு மணி நேரத்தில் 5-க்குள் இருந்தால் இயல்பு. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கம் உடைகிறது.

பரிசோதனை இரண்டு வகை. ஆய்வகத்தில் மூளை அலை, மூச்சு, ஆக்சிஜன், இதயத் துடிப்பு எல்லாம் பதிவாகும். வீட்டுக் கருவி எளிது, ஆனால் பெரும்பாலானவற்றில் மூளை அலை பதிவாகாது. விழித்துப் புரண்ட நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் எண்ணிக்கை குறைவாகத் தெரியலாம். அறிகுறி பலமாக இருந்து வீட்டுக் கருவி 'ஒன்றுமில்லை' என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள், ஆய்வகத்துக்குப் போங்கள்.

[திரையில்: சிபாப் கருவி, குழாய், மாஸ்க்]

நடுத்தர, கடுமையான ஆப்னியாவுக்கு முதல் சிகிச்சை சிபாப். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-ல் அறிமுகப்படுத்தியது. மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றை அனுப்பி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும். வேலை செய்யாமல் போவதை விட, மாட்ட முடியாமல் கைவிடுவதுதான் அதிகம். முக்கால்வாசிப் பிரச்சினை மாஸ்க்கில். உட்கார்ந்துகொண்டு பட்டையை இறுக்காதீர்கள். படுத்தால் முகத்தின் சதை நகர்ந்துவிடும். படுத்து, கருவியை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி விடுங்கள், சிலிகான் மெத்தை தானே உப்பிப் பொருந்தும். அதன் பிறகும் கசிந்தால் மட்டும் பட்டையைக் கொஞ்சம் இறுக்கலாம். முகத்து எண்ணெய் படிந்தாலும் கசியும், தினமும் மென்மையான சோப்பில் கழுவுங்கள். ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும். மிச்சத்தைக் காலையில் கொட்டிவிடுங்கள். மூக்கு மாஸ்க் போட்டும் வாய் வறண்டால் காற்று வாய் வழியாகப் போகிறது, வாயையும் மூடும் மாஸ்க் கேளுங்கள். மூச்சு முட்டுகிற பயம் இருந்தால் பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகுங்கள்.

நடுராத்திரியில் கழற்றிப் போடுவது பலருக்கும் வழக்கம். ஆனால் கனவுத் தூக்கம் அதிகம் வருவதும், பலருக்குத் தடை நீண்டு போவதும் விடியற்காலையில்தான். அதனால் விழிக்கும்வரை மாஸ்க் முகத்தில் இருக்கட்டும்.

லேசான, நடுத்தர ஆப்னியாவுக்குக் கீழ்த்தாடையை முன்னால் நகர்த்தும் பல் கருவி உண்டு. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்ய வேண்டும். காலையில் தாடை வலிக்கலாம், வருடக்கணக்கில் போட்டால் மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம் மாறலாம். எடை குறைத்தால் தடையும் குறையும். உடல் பருமனோடு வரும் நடுத்தர, கடுமையான ஆப்னியாவுக்கு டிர்செபடைட் என்கிற எடை குறைப்பு ஊசியை அமெரிக்க மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ 2024 டிசம்பரில் அனுமதித்தது. மூக்குத்தண்டு அறுவை சிகிச்சை மூச்சைச் சுகமாக்கும், ஆப்னியாவைத் தனியாகத் தீர்ப்பது அபூர்வம். அண்ணத்துக்கு லேசர் விஷயத்தில் எச்சரிக்கை தேவை: சத்தம் போய்த் தடை மட்டும் தங்கிவிடலாம், அப்புறம் யாருக்கும் சந்தேகம் வராது. வாயில் டேப் ஒட்டுகிற பழக்கம் பரிசோதனை இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

குழந்தைகள் கதை வேறு. தினமும் குறட்டை, வாயால் மூச்சு, பகலில் தூக்கத்துக்குப் பதில் துறுதுறுப்பு இருந்தால் டான்சிலையும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவற்றை அகற்றுவதே முதல் சிகிச்சை.

[திரையில்: நள்ளிரவுக் கடிகாரம்]

தூக்கமே வராத பிரச்சினை வாரத்தில் 3 இரவு, 3 மாதம் நீடித்தால் நாள்பட்டது. முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, சிபிடி-ஐ என்கிற பழக்க மாற்றச் சிகிச்சை. தூக்கம் வந்தால் மட்டும் படுங்கள். சுமார் 20 நிமிடம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுங்கள். முதல் வாரம் கொடுமையாகத்தான் இருக்கும். குறட்டையும் விடுகிறவர் தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிப் போட வேண்டாம்.

மாலையில் கால் குடைந்து, நடந்தால் மட்டும் அடங்கினால் ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். 75-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுப்பதை மருத்துவர் யோசிப்பார்.

கனவில் வருவதை நிஜமாகவே கை கால் வீசி நடிப்பவர், நடுவயதைத் தாண்டியவராக இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்க்கின்சன் நோய்க்குப் பல வருடம் முன்பே இது தலைகாட்டலாம். கடுமையான ஆப்னியாவும் அச்சு அசலாக இப்படியே தெரியும் என்பதால் ஆய்வகப் பரிசோதனை கட்டாயம். அதுவரை கட்டில் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிப் பொருள்களையும் கூர்முனை மேசையையும் நகர்த்தி வையுங்கள்.