மோரிஸ் மைனர் கார் நின்றுபோனதா? ஃபியூல் பம்பைக் கழற்றும் முன் அது சொல்வதைக் கேளுங்கள்!

[காட்சி: இருட்டான கொட்டகை. மோரிஸ் மைனரின் சாவி திரும்புகிறது.]

டிக் டிக் டிக் டிக்... டிக்... டிக்... அமைதி.

கேட்டீர்களா? ஹெட்ஃபோன் இருந்தால் போட்டுக்கொண்டு இன்னொரு முறை கேளுங்கள். என்ஜின் இன்னும் ஓடவில்லை. சாவியை மட்டும்தான் திருப்பியிருக்கிறோம். இந்தச் சில வினாடி ஒலியிலேயே டேங்கிலிருந்து கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பகுதி) வரைக்குமான நிலவரம் மொத்தமும் இருக்கிறது. பல்லி சொன்னால் பலன் பார்க்கிறவர்கள் நாம். இந்தப் பம்ப் சொல்வதற்கும் பலன் உண்டு, அதை உடனே சோதித்தும் பார்த்துவிடலாம்.

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குப் பழைய கார்களின் ஃபியூல் பம்ப், அதிலும் மோரிஸ் மைனரில் வரும் எஸ்யூ எலக்ட்ரிக் பம்ப். வரலாற்றை வேகமாக முடித்துவிடுகிறேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948-இல் வந்தது, 1970களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கும் மேல் தயாரானது. எஸ்யூ என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். அந்தக் குடும்பத்தின் தொழில் செருப்பும் ஷூவும்! அவர்களுடைய முதல் கார்பரேட்டரில் தோலால் செய்த துருத்திதான் இருந்தது. ஷூ வியாபாரம் செய்தவர்கள் கையில் தோல் இருந்திருக்கிறது, அதைக் கார்பரேட்டருக்குள் வைத்துவிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் இது. 1926-இல் மோரிஸ் கார்களைத் தயாரித்த வில்லியம் மோரிஸ் அந்த நிறுவனத்தை வாங்கினார். வரலாறு முடிந்தது.

[காட்சி: மேசைமேல் பம்ப், கருப்பு பேக்கலைட் மூடி கழற்றப்பட்டிருக்கிறது.]

இப்போது பம்புக்குள் போவோம். உள்ளே ஒரு மின்காந்தம், ஒரு டயாஃப்ரம் (முன்னும் பின்னும் அசையும் சவ்வு), ஒரு ஸ்பிரிங், ஒரு ஜோடி பாயின்ட் (கரன்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் முனைகள்). கரன்ட் வந்ததும் காந்தம் டயாஃப்ரத்தை இழுக்கிறது, டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வருகிறது. இழுப்பு முடியும் இடத்தில் ஒரு சின்னத் தண்டு பாயின்ட்டைத் தட்டித் திறக்கிறது. அதுதான் அந்த ‘டிக்’. கரன்ட் போனதும் காந்தம் விட்டுவிடுகிறது. ஸ்பிரிங் டயாஃப்ரத்தைத் திருப்பித் தள்ள, பெட்ரோல் கார்பரேட்டருக்குப் போகிறது. பாயின்ட் மறுபடி சேர்கிறது. இப்படியே தொடரும்.

கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறை நிரம்பி, அதன் வாசலில் இருக்கும் ஊசி அடைத்துக்கொண்டதும் பெட்ரோல் போக வழியில்லை. ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. டயாஃப்ரம் பாதியில் நிற்கும், பாயின்ட் திறந்தே இருக்கும், கரன்ட் செலவில்லை, பம்ப் அமைதி. தனியாக ஒரு ரெகுலேட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை அந்த ஸ்பிரிங்கின் பலமே முடிவுசெய்கிறது. இதை யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சரி, பலன்களுக்கு வருவோம். வீடியோவின் உயிரே இதுதான், நிதானமாகச் சொல்கிறேன்.

சாவி போட்டதும் வேகமாக அடித்து, பிறகு நிதானித்து, நின்றுவிட்டால் பம்ப் நலம். வண்டி ஓடவில்லை என்றால் குறை இக்னிஷனிலோ கார்பரேட்டரிலோ இருக்கிறது. பம்பைத் தொடாதீர்கள்.

வேகமாக அடித்துக்கொண்டே இருக்கிறது, நிற்கவே இல்லை. அப்படியானால் பம்ப் காற்றை இழுக்கிறது. முதலில் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், மைனரின் பெட்ரோல் முள்ளை நம்பி நடுரோட்டில் நின்றவர்கள் நிறைய. பெட்ரோல் இருந்தால், டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. அங்கே பெட்ரோல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்ட நிலையில் சில வினாடிக்கு ஒரு முறை ‘டிக்’. எங்கோ கசிகிறது. மிதவை ஊசி சரியாக அடைக்காமல் இருக்கலாம், பம்பின் வால்வில் தூசி இருக்கலாம். கார்பரேட்டரில் பெட்ரோல் வாசனை அடித்தால் ஊசிதான்.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. பம்ப் சத்தமில்லை, ஆனால் தொட்டால் சுடுகிறது. உள்ளே வரும் வழி அடைத்திருக்கிறது என்று பொருள். காந்தம் இழுத்துக்கொண்டே இருக்கிறது, இழுப்பு முடியவில்லை, பாயின்ட் திறக்கவில்லை, காயிலில் கரன்ட் விடாமல் ஓடுகிறது. டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய் பம்ப் மறுபடி அடிக்கத் தொடங்கினால், டேங்க்கின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. ஒரு சின்னத் துளை! அதைச் சுத்தம் செய்தால் போதும். பாவம், பழி மட்டும் பம்பின் மேல் விழும்.

கடைசியாக, பம்ப் குளிர்ந்திருக்கிறது, சத்தமும் இல்லை. கார்பரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். இப்போது அடித்தால் பம்ப் நல்லது, அடைப்பு கார்பரேட்டர் வாசலில். அப்போதும் அடிக்கவில்லையா? ஒரு டெஸ்ட் பல்பை பம்பின் முனைக்கும் பாடிக்கும் நடுவில் வையுங்கள். மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும்; ஆனால் பல்புக்குத் திசை கிடையாது, எரியும். எரியாவிட்டால் வெள்ளை வயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். இந்தக் கார்களின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தின் வயர் நிற முறையில் வெள்ளை என்றால் இக்னிஷன் சாவியிலிருந்து வருவது, நடுவில் ஃபியூஸ் கிடையாது. அது பாடியில் உரசினால் வயர் முழுக்கக் கருகும். அதனால் கவனம்.

பல்பு எரிகிறது, எர்த் வயரும் சரி, பம்ப் மட்டும் அசையவில்லை. இப்போதுதான் பம்ப் குற்றவாளி. ஸ்க்ரூடிரைவர் பிடியால் உலோகப் பகுதியில் மெதுவாகத் தட்டுங்கள். மூடியில் தட்டாதீர்கள், பேக்கலைட் உடைந்துவிடும். தட்டியதும் ஓடினால் பாயின்ட்தான் தகராறு. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் இது சர்வசாதாரணம்: பாயின்ட்டில் மெல்லிய படலம் படிந்துவிடுகிறது. அந்தத் தட்டலோடு வீடு போய்ச் சேரலாம், அப்புறம் பாயின்ட்டைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பாயின்ட் செட்டும் டயாஃப்ரமும் தனியாகக் கிடைக்கும்போது, நல்ல வார்ப்பில் செய்த பழைய பம்பைத் தூக்கிக் குப்பையில் போடுகிறார்கள். போடாதீர்கள், தயவுசெய்து.

[காட்சி: கொட்டகைக் கதவு திறந்திருக்கிறது. பேட்டரி வயர் கழற்றப்படுகிறது.]

கழற்றும் முன் பேட்டரி வயரை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் வண்டிக்கு அடியில் வேலை செய்யும் பள்ளத்துக்குள் (பிட்) இறங்கி இந்த வேலையைச் செய்யாதீர்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டயாஃப்ரத்தைப் பிரிக்கும்போது சின்னச் சின்னப் பித்தளை உருளைகள் உருண்டு விழும். மொத்தம் 11. கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். புது டயாஃப்ரத்தை, அழுத்தினால் பாயின்ட் தட்டாத நிலை வரும்வரை உள்ளே திருகுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருகி, பாயின்ட் தட்டத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த திருகாணித் துளைக்கு நேராக்கி, அங்கிருந்து இன்னும் நான்கு துளை பின்னால். விளிம்பில் ஆறு துளை இருக்கிறது, ஆக மூன்றில் இரண்டு பங்கு சுற்று. அளவுகோல் வேண்டாம், கேஜ் வேண்டாம், துளையை எண்ணத் தெரிந்தால் போதும்!

புதுப் பம்பேதான் வேண்டும் என்றால் அழுத்தத்தைப் பாருங்கள். மைனருக்கு 1.5 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) அளவே தாராளம். ஃபியூல் இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப் 40-க்கு மேல் தள்ளும். அதை மாட்டினால் மிதவை ஊசி தாங்காது, சூடான என்ஜின்மேல் பெட்ரோல் வழியும். எலக்ட்ரானிக் பம்ப் என்றால் பாசிட்டிவ் எர்த்துக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். மாறி இணைத்தால் சாவி போட்ட கணமே போய்விடும். இன்னொன்று, மைனரில் பம்ப் முன்னால் என்ஜின் அறையில் இருக்கிறது, டேங்க் பின்னால். அதாவது இழுக்கத் தெரிந்த பம்ப் வேண்டும். எம்ஜிபி கார் மாதிரிப் பின்னால் பொருத்துகிற பம்பின் வேலை தள்ளுவது, அது இங்கே சரிவராது. பொருத்தும்போது வெளிவாசல் மேல்நோக்கி இருக்கட்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

இந்தியாவில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்கள் அதில் மென்மையாகி உள்பக்கம் உரியும், அந்தத் துணுக்குதான் அடுத்த அடைப்பு. எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரக் குழாய் போடுங்கள். விபத்தானால் கரன்ட்டைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். குழாய் உடைந்தாலும் சாவி போட்டிருக்கும்வரை இந்தப் பம்ப் இறைத்துக்கொண்டே இருக்கும்.

பத்மினி கார் மாதிரி மெக்கானிக்கல் பம்ப் (என்ஜினே இயக்கும் பம்ப்) வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: ஆயில் அளவு தானாக ஏறி, பெட்ரோல் வாசனை அடித்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, வண்டியை ஓட்டாதீர்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் இந்நேரம் மண்ணெண்ணெயைப் பற்றி எழுதத் தொடங்கியிருப்பீர்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் இல்லாதபோது, ஆஸ்டின் ஏ40, மைனர் மாதிரியான 1950களின் கார்கள் அங்கே மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். கம்ப்ரஷன் குறைந்த என்ஜின் என்பதால் அது முடிந்தது. அந்த வண்டிகளைப் பராமரித்த பெரியவர்களிடம் இருக்கும் அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வீடியோவைக் காட்டி, அவர் சொல்வதைக் கீழே எழுதுங்கள். அதை வைத்தே தனி வீடியோ செய்ய ஆசை.

மற்றவர்கள் இப்போதே போய்ச் சாவியைத் திருப்புங்கள். உங்கள் பம்ப் எத்தனை டிக்கில் நிற்கிறது என்று எண்ணி எழுதுங்கள்; நிற்கவில்லை என்றால் ஒலியைப் பதிவுசெய்து அனுப்புங்கள், சேர்ந்து கேட்போம்.