மண்ணுக்குச் சர்க்கரை எதற்கு?

போன பேச்சைக் கேட்ட ஒருவர் எழுதியிருக்கிறார்: "பிரெய்ரி புல்வெளியை மீட்கிறவர்கள் மண்ணில் சர்க்கரை கொட்டினார்கள் என்றீர்களே, விளையாட்டுக்கா? உரம் போட்டால்தானே புல் சீக்கிரம் வரும்?" படித்ததிலிருந்து எனக்கு ஒரே குஷி.

விளையாட்டு இல்லை. பிரெய்ரி என்றால் வட அமெரிக்காவின் பரந்த இயற்கைப் புல்வெளி. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கான்ஸா புல்வெளி ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே 1998இல், பல வருடம் உழுதுகிடந்த வயலில் புல்வெளி விதைகளை விதைத்தார்கள். சில பாத்திகளுக்கு நைட்ரஜன் உரம், சிலவற்றுக்குச் சர்க்கரையும் மரத்தூளும், சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. உரம் கண்ட பாத்தியில் புல் ஆளுயரம் வந்தது, ஆனால் ஓரிரண்டு வகைகளே இடத்தை அடைத்துக்கொண்டு மற்றதை நெருக்கிவிட்டன.

சர்க்கரை என்ன செய்யும்? அது கார்பன். நுண்ணுயிர்களுக்கு விருந்து. ஆனால் தின்று உடம்பு வளர்க்க அவற்றுக்கு நைட்ரஜனும் வேண்டும், அதை மண்ணிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும், செடிக்குப் பட்டினிதான். என் வீட்டு மாடியில் இது நடந்தது. மட்காத மரத்தூளை மிளகாய்த் தொட்டியில் கொட்டினேன், பத்தே நாளில் இலை மஞ்சள். என் மனைவி பூச்சி என்றாள், நான் வெயில் என்றேன். இரண்டும் இல்லை, நுண்ணுயிர் நைட்ரஜனைத் தின்றுவிட்டது! பிரெய்ரியில் இந்தப் பட்டினி நல்லது, ஏனென்றால் அவசரக் களைகள் வாடும், பிக் புளூஸ்டெம் போன்ற புற்களோ கொஞ்ச நைட்ரஜனிலேயே காலம் தள்ளும். முன்பும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன், புல்வெளிக்குப் பசித்த மண்தான் பிடிக்கும். ஆனால் சர்க்கரையின் வேலை கொஞ்ச நாளுக்குத்தான், கரும்பாலையையே கவிழ்த்தாலும் அவ்வளவுதான்.

சரி, நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். உழுததால் மண்ணை விட்டுப் போன கார்பன், பிரெய்ரியை மீட்டால் எப்போது திரும்பும்? சிகாகோ பக்கம் ஃபெர்மிலாப் இருக்கிறதே, துகள் முடுக்கி ஆய்வகம், அதன் முடுக்கி வளையம் சூழ்ந்த நிலத்திலேயே 1975 முதல் புல்வெளி வளர்க்கிறார்கள். வருடாவருடம் வேறு வேறு துண்டில் விதைத்ததால் ஒரே இடத்தில் பல வயது மண் கிடைத்தது, அளந்து பார்க்க வசதி. வேர் பத்துப் பதினைந்து வருடத்தில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடுகிறது, ஆனால் மண்ணின் கார்பன் நூறாண்டுக் கணக்கில்தான் ஏறும். அங்கிருந்த டெவட்ரான் முடுக்கியை 2011இல் நிறுத்திவிட்டார்கள். புல் இன்னும் வேலையில் பாதிகூட முடிக்கவில்லை.