பின் ஸ்ப்ராக்கெட்டை 36-லிருந்து 44 பல்லா மாத்தினா செயின் எவ்வளவு நீளம் வேணும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன வீடியோவுக்குக் கீழ வந்ததுல ஒரே ஒரு கேள்வியை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கறேன். இதையே வேற வேற மாதிரி நாலஞ்சு பேர் கேட்டிருக்கீங்க. ஸ்ப்ராக்கெட்னா செயின் மாட்டற பல் சக்கரம். சேலத்துலேருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு, படிக்கறேன்.

"அண்ணா, பழைய ஸ்ப்ளெண்டர்ல இன்ஜினை இறக்கிட்டு 72 வோல்ட் மோட்டார் வெச்சு ஓட்டறேன். மோட்டார்ல 14 பல்லு, பின்னாடி 36 பல்லு, 428 செயின். ஊருக்குள்ள நல்லா ஓடுது. ஏற்காடு ஏறும்போது பாதி மலையிலயே கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போற கரண்டைக் கட்டுப்படுத்தற பெட்டி) சூடாகி கட் ஆகிடுது. பின்னாடி 44 பல்லு போடலாம்னு இருக்கேன். செயின் எவ்வளவு நீளம் வேணும்? இருக்கற செயின்லயே துண்டு சேர்த்து, ரெண்டு லாக் (செயின் முனைகளைச் சேர்க்கற லிங்க்) போட்டுக்கலாமா?"

தம்பி, 44 போடற முடிவு சரி. துண்டு சேர்க்கறது வேண்டவே வேண்டாம். ரெண்டுக்கும் காரணம் சொல்றேன்.

44-ஐ 36-ஆல வகுத்தா 1.22. அப்படின்னா அதே கரண்டுக்கு வீல்ல இழுவை 22 சதவீதம் கூடும். திருப்பிப் பாருங்க, அதே ஏத்தத்தை அதே வேகத்துல ஏற மோட்டாருக்குப் போற கரண்ட் 18 சதவீதம் குறையும். 18 தானேன்னு தோணும். ஆனா காயில்ல வர்ற சூடு கரண்டோட வர்க்கத்துல போகுது. 0.82-ஐ 0.82-ஆல பெருக்கினா 0.67. சூட்டுல மூணுல ஒரு பங்கு போயிடுது! அந்த 20 கொண்டை ஊசி வளைவுலயும் உங்க மோட்டாரையும் கன்ட்ரோலரையும் காப்பாத்தப் போறது இந்தக் கணக்குதான்.

இதுல ஒண்ணு கவனிங்க. மீட்டர்ல தெரியற ஆம்பியர் பேட்டரியிலேருந்து வர்றது. நான் சொல்றது கன்ட்ரோலர்லேருந்து மோட்டாருக்குப் போற மூணு தடிச்ச வயர்ல ஓடற கரண்ட். அதனால ஸ்ப்ராக்கெட் மாத்தின பிறகும் மீட்டர்ல பெருசா குறையலையேன்னு குழம்பாதீங்க. மோட்டாரைத் தொட்டுப் பாத்தா தெரிஞ்சிடும். பேட்டரி ரொம்ப மிச்சமாகும்னும் எதிர்பார்க்க வேண்டாம். சேலத்துலேருந்து ஏற்காடு சுமார் 1200 மீட்டர் உயரம். வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 200 கிலோன்னா, அந்த எடையை மேல தூக்கவே 0.65 யூனிட் கரண்ட் வேணும். எந்த ஸ்ப்ராக்கெட் போட்டாலும் அது குறையாது.

இதுக்கு நீங்க விட்டுக்கொடுக்கறது டாப் ஸ்பீடு. டயர்ல சாக்பீஸால ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுத்து உருட்டி, தரையில அளந்து பாருங்க. உங்க டயருக்கு 1.87 மீட்டர் பக்கத்துல வரும். மோட்டார் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்துதுன்னு வெச்சுக்கிட்டா, 36 பல்லுல 65 கிலோமீட்டர் வேகம், 44-ல 53. மலைக்குப் போற வண்டிக்கு 53 போதும்.

"முன்னாடி 14-ஐ 12 ஆக்கிட்டா மலிவா முடிஞ்சிடுமே"ன்னு இன்னொருத்தர் கேட்டிருந்தாரு. விகிதம் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வரும், உண்மைதான். ஆனா சின்ன ஸ்ப்ராக்கெட்ல செயின் ரொம்ப மடங்கும், சத்தம் வரும், பல்லும் சீக்கிரம் தேயும். எலெக்ட்ரிக் மோட்டார் நின்ன நிலையிலேயே முழு இழுவையையும் கொடுக்கும், அந்த அடி முழுக்க சின்ன ஸ்ப்ராக்கெட்ல விழும். இடம் இருக்கறவங்க பின்னாடியே பெருசாக்குங்க. ஆனா 44 பல்லு அந்த செயின் கவருக்குள்ள சுத்துதான்னு முதல்லயே பாத்துடணும்.

சரி, நீளத்துக்கு வரேன். மோட்டார் ஷாஃப்ட் நடுவுலேருந்து பின் ஆக்சில் நடுவுக்கு எத்தனை மில்லிமீட்டர்னு அளக்கணும். அளக்கும்போது ஆக்சில் அட்ஜஸ்டர்ல நடுவுக்குக் கொஞ்சம் முன்னால இருக்கட்டும். செயின் போகப் போக நீளும், பின்னால தள்ள இடம் வேணும். நீங்க அளவு எழுதலை, அதனால நான் 508 மில்லிமீட்டர்னு வெச்சுக்கறேன். 428 செயின்ல ரிவெட்டுக்கு ரிவெட் 12.7 மில்லிமீட்டர், அதைத்தான் ஒரு லிங்க்குன்னு எண்ணணும். 508-ஐ 12.7-ஆல வகுத்தா 40. மேல ஒரு ஓட்டம், கீழ ஒரு ஓட்டம், ஆக 80 லிங்க். ரெண்டு ஸ்ப்ராக்கெட்டையும் பாதிப் பாதி சுத்துறதால பல்லுகளைக் கூட்டிப் பாதி: 14-ம் 44-ம் 58, பாதி 29. மொத்தம் 109. இன்னும் ஒரு சின்னத் திருத்தம் இருக்கு. ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே அளவு இல்லாததால செயின் கொஞ்சம் சாய்ஞ்சு போகும். பல்லு வித்தியாசம் 30, அதோட வர்க்கம் 900, அதை 39.5-ஆலயும் (இது எப்பவும் மாறாத எண்) பிறகு நம்ம 40-ஆலயும் வகுத்தா 0.57. கூட்டினா 109.57.

செயின்ல உள் லிங்க், வெளி லிங்க்னு மாறி மாறி வரும். அதனால எண்ணிக்கை ரெட்டைப்படையா இருந்தாத்தான் முனை முனையோட சேரும். 110 போடுங்க. மிச்சம் இருக்கற அந்த 0.43 லிங்க்குக்கு ஆக்சில் 2.7 மில்லிமீட்டர் பின்னால போகும், அவ்வளவுதான். ஒரு லிங்க் மாறினா ஆக்சில் 6.35 நகரும், ரெண்டு மாறினா 12.7. இதை மனசுல வெச்சுக்கிட்டா கடையில நின்னே கணக்குப் போடலாம். உங்க பழைய 36-க்கு இதே கணக்கு 105.3 வரும், 106 போட்டிருப்பீங்க. ஆக 4 லிங்க் கூடுது. பல்லு ரெண்டு கூடினா ஒரு லிங்க், கூடவே கொஞ்சம். ஒத்தைப்படையைச் சரிக்கட்ட ஒரு வளைஞ்ச அரை லிங்க் கிடைக்கும். மோட்டார் வண்டியில அதைப் போடாதீங்க, முதல்ல அறுந்து போறது அதுதான்.

இப்போ துண்டு சேர்க்கற விஷயம். புது 428-ல 20 லிங்க் நேரா இழுத்துப் பிடிச்சு அளந்தா 254 மில்லிமீட்டர். ஓடின செயின் 256, 257 காட்டும். 259 ஆயிடுச்சுன்னா தூக்கிப் போட்டுடுங்க. இந்த நீண்ட செயின்ல நாலு புது லிங்க்கைச் சொருகினா, ஒவ்வொரு தடவை அந்தத் துண்டு சுத்தி வரும்போதும் பல்லுல சரியா உட்காராது, 'டக்' 'டக்'னு அடிக்கும். அதோட நீண்ட செயின் உங்க புது 44 பல்லையும் அரிச்சுடும். ரெண்டு லாக்னா பலவீனமான இடம் ரெண்டாகுது. 120 லிங்க் புதுச் செயின் வாங்கி, 110-ல வெட்டி, ஒரே லாக் போடுங்க. வெட்டறதுக்கு முன்னால செயினை ரெண்டு ஸ்ப்ராக்கெட் மேலயும் போட்டு, முனைகளைச் சேர்த்துப் பாத்து, இன்னொரு தடவை எண்ணுங்க. கணக்குத் தப்பினாலும் செயின் வீணாகாது.

கை வைக்கறதுக்கு முன்னால பேட்டரி எம்சிபியை (கரண்டைத் துண்டிக்கற சுவிட்ச்) இறக்கிடுங்க, கனெக்டரையும் பிடுங்கிடுங்க. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன். பெட்ரோல் வண்டி ஓடிட்டிருந்தா சத்தம் சொல்லிடும். இது சத்தமே இல்லாம உசிரோட இருக்கும். என் பட்டறையில வேலை பழகின பையன் ஒருத்தன் சென்டர் ஸ்டாண்ட்ல செயினைத் துணியால துடைச்சுக்கிட்டிருந்தான். சாவி ஆன்ல இருந்தது, யாரோ எட்டி ஆக்சிலேட்டரைத் தொட்டாங்க. துணியோட விரலும் போய் ஸ்ப்ராக்கெட்ல மாட்டுச்சு. நகம் போனதோட தப்பிச்சான். அன்னையிலேருந்து என் பட்டறையில, கழட்டின கனெக்டர் சீட் மேல கண்ணுக்குத் தெரியற மாதிரி கிடந்தாத்தான் ஸ்பானரையே எடுப்போம்.

ஸ்ப்ராக்கெட் வாங்கப் போகும்போது பழையதைக் கையில கொண்டு போங்க. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, நடு ஓட்டையும் போல்ட் ஓட்டைகளும் அப்படியே பொருந்துதான்னு வெளிச்சத்துல பாருங்க. ஓட்டையை ட்ரில் போட்டுப் பெருசாக்கிப் பொருத்தற வேலை வேண்டாம், நடு விலகி, சுத்தும்போது செயின் ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் தொளதொளன்னு ஆகும். வீலைக் கழட்டினதும் ஹப்புக்குள்ள இருக்கற ரப்பரை அசைச்சுப் பாருங்க, நசுங்கியிருந்தா மாத்திடுங்க. போல்ட்டை எதிரெதிரா முடுக்கி, புது லாக் வாஷரை மடக்கி விடுங்க.

இனி செயின் எவ்வளவு லூஸா இருக்கணும்ங்கறது. ஷோரூம் வண்டிக்குச் சொல்ற 20, 30 மில்லிமீட்டர் அளவு உங்களுக்கு அப்படியே பொருந்தாது. இன்ஜின் ஸ்ப்ராக்கெட் ஸ்விங் ஆர்ம் (பின் வீலைப் பிடிச்சு மேல கீழ ஆடற கை) போல்ட்டுக்குப் பக்கத்துலயே இருந்தது. மோட்டாரை நீங்க தகடு வெட்டி, வெல்டிங் பண்ணி, கிடைச்ச இடத்துல உட்கார வெச்சிருப்பீங்க, பெரும்பாலும் கொஞ்சம் தள்ளி. தள்ளத் தள்ள, பின் வீல் மேல கீழ போகும்போது செயினோட இறுக்கம் அதிகமா மாறும். மோட்டார் ஷாஃப்ட், ஸ்விங் ஆர்ம் போல்ட், ஆக்சில் மூணும் ஒரே கோட்டுல வர்ற நிலையிலதான் செயின் ரொம்ப இறுகும். எடையான ரெண்டு பேரை உட்கார வெச்சு அந்த நிலைக்குக் கொண்டு வாங்க. அப்பவும் கீழ் ஓட்டத்தோட நடுவுல விரலால தூக்கினா 10, 15 மில்லிமீட்டர் ஆடணும். ஆள் இல்லாம வெச்சு முடுக்கிட்டு, குழியில இறங்கும்போது மோட்டார் பேரிங்கை உடைச்சவங்களை நிறைய பாத்திருக்கேன். அதுக்காகத் தொங்கவும் விடாதீங்க. பிரேக் பிடிச்சா பேட்டரிக்குக் கரண்ட் திரும்பற செட்டிங் வெச்சிருந்தா, அப்போ கீழ் ஓட்டம் இறுகி மேல் ஓட்டம் தொங்கும், திரும்ப முறுக்கும்போது பட்டுனு அடி விழும்.

லாக் கிளிப்போட மூடின முனை செயின் ஓடற திசையைப் பாக்கணும். மேல் ஓட்டத்துல வெச்சுப் பாத்தா அது முன் வீல் பக்கம் இருக்கணும். திருப்பிப் போட்டா எதுலயாவது உரசித் திறந்துக்கும்.

மாத்தி ஒரு 100 கிலோமீட்டர் மலைக்குப் போகாம ஊருக்குள்ளயே ஓட்டுங்க. புதுச் செயின் முதல்ல கொஞ்சம் நீளும், அதை இழுத்து வெச்சுட்டு, ஸ்ப்ராக்கெட் பல்லோட ரெண்டு பக்கத்தையும் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு தேய்ஞ்சிருந்தா மோட்டார் தகடு விலகியிருக்குன்னு அர்த்தம், வாஷர் கொடுத்துச் சரி பண்ணிட்டு அப்புறம் ஏற்காடு கிளம்புங்க. ஷாஃப்ட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல எத்தனை மில்லிமீட்டர்னு அளந்து எழுதுங்க தம்பி, உங்க வண்டிக்கே கணக்குப் போட்டுத் தரேன்.