முகம் ஏன் தெரியவில்லை?

(சேலத்துப் புகைப்பட ஆர்வலர்கள் ஏற்காட்டில் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

விடியும் முன்பே 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வந்து, ஏரியில் பனி விலகுவதற்குள் படம் எடுத்து முடித்திருக்கிறீர்கள். இனி ஒருவர் எடுத்ததை மற்றவர் பார்க்கப் போகிறோம். எப்படி எடுப்பது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுத்தவர் எடுத்ததைப் பார்த்து என்ன சொல்வது என்பதை மட்டும் நாம் பேசிக்கொள்வதே இல்லை. அதற்காகத்தான் இந்த அரைமணி நேரத்தைக் கேட்டு வாங்கினேன்.

சில வருடங்களுக்கு முன் இதே போன்ற ஒரு கூட்டத்துக்கு ஒரு தம்பி படம் கொண்டு வந்தார். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்தில் ஒரு வீட்டுப் பட்டறை. கொலுசின் வளையங்கள் ஒட்டுவதற்குப் பொடி வைத்துத் தீயை ஊதிக்கொண்டிருக்கும் ஒரு பெண். தீயின் வெளிச்சம் கையில் மட்டும் விழுகிறது. மற்றதெல்லாம் இருட்டு. நான் பார்த்தவுடனே சொன்னேன்: "முகமே தெரியல. இடது பக்கம் முழுக்க வீணாப் போச்சு. ஒரு ஃப்ளாஷ் போட்டிருக்கலாம்." கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு வரவில்லை.

பல மாதம் கழித்து மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணா, அது எங்க அம்மா. முகம் தெரிய வேணாம், கை மட்டும் எடுன்னு அவங்கதான் சொன்னாங்க" என்றார். படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். விரல் நுனிகளில் பழைய தீக்காயத் தழும்புகள், ஊதுகுழலைப் பிடித்திருக்கும் பிடி, சுடரின் ஓரத்தில் மினுங்கும் வெள்ளி வளையம் எல்லாம் அதில் இருந்தன. அன்றைக்கே இருந்தவைதான். "எதுக்காக இப்படி எடுத்தே?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன்.

அதனால் நான் உங்களிடம் கேட்பது முதலில் அந்தக் கேள்வியைத்தான். எடுத்தவர் அங்கே நின்று எதைப் பார்த்தார், எதைக் காட்ட நினைத்தார்? அது தெரியாமல் நாம் சொல்வதெல்லாம் நாமாக இருந்தால் எடுத்திருக்கும் வேறொரு படத்தைப் பற்றிய பேச்சு.

கேட்ட பிறகு குறையைச் சொல்லக் கூடாதா? கட்டாயம் சொல்ல வேண்டும். "அருமை", "சூப்பர்" என்று சொல்லிக் கடந்து போவது அவரைக் கைவிடுவதற்குச் சமம். அந்தக் காலத்தில் நூல் அரங்கேற்றினால் அவையில் இருப்பவர்கள் தடை எழுப்புவார்கள், ஆசிரியர் விடை சொல்வார். புலவர்கள் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டதே அந்த நூலுக்குச் செய்த மரியாதை. இங்கே அந்த மரியாதை வேண்டும்.

ஆனால் குறையைச் சொன்னால் அது படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, எதனால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் ஊர்ச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் களங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளி மாவு வெயிலில் வெள்ளைவெளேர் என்று காய்கிறது. அதைப் படம் எடுத்து வந்தால் மாவு சாம்பல் பூத்துத் தெரியும். "படம் டல்லா இருக்கு" என்கிறோம். எடுத்தவர் என்ன செய்வார்? வீட்டுக்குப் போய்க் கணினியில் கலரை ஏற்றுவார். கேமராவின் ஒளிமானி எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று அறியாது. எதையும் நடுத்தரச் சாம்பலாக எண்ணியே அளக்கும். களம் முழுக்க வெள்ளை என்றால் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகவே, "மாவு சாம்பலாத் தெரியுது, எக்ஸ்போஷரை ஒண்ணு, ஒண்ணரை ஸ்டாப் கூட்டி வச்சுப் பாருங்க, ஹிஸ்டோகிராம் வலது ஓரத்துல முட்டாம பாத்துக்குங்க" (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு; ஹிஸ்டோகிராம் என்பது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடம், அதன் வலது ஓரம் வெள்ளை) என்று சொன்னால் அடுத்த முறை களத்திலேயே சரி செய்துகொள்வார். இன்று காலை ஏரிப் பனியை எடுத்தவர்களுக்கும் இதே கதைதான். பலருடைய பனி புகையாகத் தெரியப் போகிறது.

இன்னொன்று. திருத்த முடிவதையும் முடியாததையும் பிரித்துச் சொல்லுங்கள். காபிப் பூ கோடை மழை விழுந்து சில நாளில் மொத்தமாகப் பூக்கும், மூன்று நான்கு நாளில் வாடிவிடும். அந்தப் படத்தில் ஒரு இதழ் மட்டும் தெளிவாக இருந்து மற்றவை கலங்கியிருந்தால், லென்ஸின் துளையைச் சுருக்கி f/2.8க்குப் பதில் f/8 வைத்திருக்கலாம் என்று சொல்லலாம். ஆனால் அவர் அதைச் செய்து பார்க்க அடுத்த பூப்பு வரை காத்திருக்க வேண்டும். அதையும் தெரிந்தே சொல்லுங்கள். ஓரத்தில் ஒரு சவுக்கு மரக் கிளை எட்டிப் பார்த்தால் படத்தின் அந்த ஓரத்தை இன்றைக்கே வெட்டிவிடலாம். அதை முதலில் சொல்லுங்கள்.

விதிகளைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முக்கியமானதை நடுவில் வைக்காமல் மூன்றிலொரு பங்குக் கோட்டில் வை என்கிற மூன்றிலொரு பங்கு விதியை நம்மில் பலர் பிரம்பாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஏரித் தண்ணீரில் மலை அப்படியே தலைகீழாக விழும்போது கரையை நடுவில் வைப்பதுதான் அந்தப் படத்துக்கு நியாயம். அதைப் போய்க் குற்றம் என்று சொல்லாதீர்கள்.

குத்தலாகவும் பேச வேண்டாம். பட்டறையில் பொடி வைத்து ஊதினால் இரண்டு வளையம் ஒட்டும். படத்தின் முன்னால் பொடி வைத்துப் பேசினால் ஒட்டியிருந்த ஆளும் விலகிப் போவார். நான் போகவைத்த ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் கேமராவை விடவில்லை என்பது அவருடைய மனவலிமை; அதில் என் பங்கு எதுவும் இல்லை.

படம் கொடுத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் படத்தைப் பற்றிப் பேசும்போது உடனே பதில் சொல்லாதீர்கள். எல்லோரும் பேசி முடிக்கட்டும். பதினைந்து பேர் பார்த்ததில் யாருக்குமே நீங்கள் நினைத்தது தென்படவில்லை என்றால், அதைத் தெரிந்துகொள்ளத்தானே மலை ஏறி வந்தீர்கள்.

பலகையில் முதல் படத்தைக் குத்தியாகிவிட்டது. சேர்வராயன் கோயில் குகை வாசல் என்று நினைக்கிறேன். எல்லோரும் பக்கத்தில் வாருங்கள், போனில் அல்ல, தாளில் பாருங்கள். இரண்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம். அப்புறம் எடுத்தவரிடம் நான் முதல் கேள்வியைக் கேட்கிறேன்.